பத்தாண்டில் பதினைந்து வயது: அயர்லாந்தின் கணக்கெடுப்பும் பங்குப் பதிவேடும்

அயர்லாந்தின் 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் வீடுதோறும் நிரப்பப்பட்ட மூலப் படிவங்கள் இன்றும் இருக்கின்றன. இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பவருக்குச் சீக்கிரமே ஒரு புதிர் எதிர்ப்படும். 1901 மார்ச் 31 அன்று 55 வயது என்று எழுதப்பட்ட பெண், 1911 ஏப்ரல் 2 அன்று 70 வயதுக்காரியாக இருப்பாள். ஊரும் கணவன் பெயரும் பிள்ளைகளும் மாறவில்லை. வயது மட்டும் பத்தாண்டில் பதினைந்து கூடியிருக்கும். முன்னோரைத் தேடுவோரில் பலர் இதை எழுதியவரின் கவனக்குறைவு என்று முடிவுகட்டி, இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆண்டைப் பிறப்பாண்டாகக் குறித்துக்கொள்கிறார்கள். அப்படிக் கிடைக்கும் ஆண்டு எந்தப் பதிவேட்டிலும் இல்லாத ஆண்டு. யார் கேட்டார், யார் சொன்னார், அந்தப் பதிலால் சொன்னவருக்கு என்ன கிடைத்தது என்று ஒவ்வொரு பதிவிடமும் விசாரித்த பிறகே வயதைப் பற்றிப் பேச முடியும்.

1911இல் பலருக்கு வயது கூடியதற்குக் காரணம் 1908ஆம் ஆண்டின் முதியோர் ஓய்வூதியச் சட்டம். 1909 ஜனவரி 1 முதல், 70 வயது நிரம்பிய ஏழை முதியோருக்கு வாரம் 5 ஷில்லிங் வரை கிடைத்தது. சிறு குத்தகை நிலத்தை நம்பி வாழ்ந்த குடும்பத்துக்கு அது பெரிய தொகை. ஆனால் எல்லாச் சமயத்தவரின் பிறப்பையும் அரசு பதியத் தொடங்கியதே 1864இல்தான். எனவே அன்று எழுபதைத் தொட்ட எவரிடமும் அரசின் பிறப்புச் சான்று இருக்க வழியில்லை. தேவாலயப் பதிவு, பழைய கணக்கெடுப்பு, இவை கிடைக்காதபோது ஊரார் நினைவு ஆகியவையே சான்றாயின. 1839 ஜனவரி 6 இரவில் தீவையே உலுக்கிய புயலை மக்கள் ‘பெருங்காற்று இரவு’ என்று அழைத்தார்கள். அது நினைவிருக்கிறது என்று சொன்னால், சட்டம் நடைமுறைக்கு வந்தபோது எழுபது ஆகிவிட்டது என்று பொருள். மக்கள்தொகையை வைத்து அரசு எதிர்பார்த்ததைவிட விண்ணப்பங்கள் மிகுதியாக வந்தன. இரண்டு ஆண்டு கழித்துக் கணக்கெடுப்புப் படிவத்தோடு வாசலில் வந்து நின்றவர் காவலர். ஓய்வூதிய அதிகாரியிடம் எழுபது என்று சொன்னவர் அரசின் இன்னோர் ஆளிடம் அறுபத்தைந்து என்று எப்படிச் சொல்வார்?

இதைப் பொய் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட எனக்கு மனமில்லை. பிறந்த நாள் கொண்டாடாத, எழுதப் படிக்கத் தெரியாத பலருக்குத் தம் வயது ஒரு மதிப்பீடு மட்டுமே. 40, 50, 60 என்று பூஜ்யத்தில் முடியும் எண்கள் படிவங்களில் குவிந்து கிடப்பதற்கும் இதுவே காரணம். 1901இல் சொன்ன வயது குறைவாகவும் இருக்கலாம். கூடுதலாகச் சொல்லத் தூண்டும் பணம் அப்போது இல்லை என்பது மட்டுமே அதற்குள்ள பலம்.

அடுத்து நாடவேண்டியது பங்குப் பதிவேடு, அதாவது அந்தந்தத் தேவாலயம் வைத்திருந்த ஞானஸ்நான ஏடு. பதினெட்டாம் நூற்றாண்டில் கத்தோலிக்கரை ஒடுக்கிய சட்டங்களின் விளைவாக, மேற்குப் பகுதிப் பங்குகள் பலவற்றில் பதிவேடு 1820களிலோ அதற்குப் பின்னரோதான் தொடங்குகிறது. பதிவு பல இடங்களில் இலத்தீனில் இருக்கும்: வீட்டில் ஜேம்ஸ், ஏட்டில் யாக்கோபுஸ். ஓனோரா என்று ஞானஸ்நானம் பெற்றவள் கணக்கெடுப்பில் நோரா. ஆனாலும் குழந்தை பிறந்த சில நாளிலேயே எழுதப்பட்டதால் நாளைப் பொறுத்தவரை இந்த ஏட்டுக்கு மதிப்பு அதிகம். 1864க்குப் பின் ஒரு விந்தையும் நடந்தது. ஞானஸ்நானம் கொடுத்து வாரங்கள் கழித்துக் குழந்தை பிறந்ததாக அரசுப் பதிவு சொல்லும். காலம் கடந்து பதிந்தால் அபராதம் என்பதால் பெற்றோர் பிறந்த நாளைத் தள்ளிச் சொன்னார்கள். அங்கே நம்பவேண்டியது குருவானவரின் ஏட்டை.

ஆனால் அந்த ஏட்டிலும் ஒரு பொறி உண்டு. மேலே சொன்ன பெண்ணின் பெயர் பிரிஜிட் என்று வைத்துக்கொள்வோம். அவள் பங்கில் அதே பெற்றோருக்கு 1841 மார்ச்சில் ஒரு பிரிஜிட், 1846 பிப்ரவரியில் இன்னொரு பிரிஜிட் என இரண்டு ஞானஸ்நானப் பதிவுகள் கிடைக்கின்றன. 1911 படிவம் முன்னவளைக் காட்டுகிறது, 1901 படிவம் பின்னவளை. அவசரக்காரர் முதல் பதிவை எடுத்துக்கொண்டு 1911ஐ மெய்யென்பார். ஆனால் பாட்டன் பாட்டி பெயரைப் பிள்ளைகளுக்கு முறைவைத்துச் சூட்டும் அந்தச் சமூகத்தில், குழந்தை இறந்தால் அடுத்துப் பிறந்ததற்கு அதே பெயரை வைப்பது வழக்கம். கத்தோலிக்க ஏடுகளில் அடக்கப் பதிவுகள் அரிது. ஆகவே அந்தச் சாவு எங்குமே எழுதப்படாமல் போயிருக்கும். பெயர் மறுபடி வைக்கப்பட்டதே மூத்தவள் போய்விட்டாள் என்பதற்குப் பெரும்பாலும் சான்று. அப்படியானால் 1901 சொன்ன 55 சரியான வயது. இறந்த அக்காளின் ஞானஸ்நானப் பதிவே தங்கைக்கு ஓய்வூதியச் சான்றாக உதவியிருக்கவும் கூடும். ஞானப்பெற்றோர் பெயர்களையும் குடியிருந்த ஊர்ப்பிரிவையும் ஒப்பிடாமல் இதை உறுதிசெய்ய முடியாது. ஒரே பெயருடைய ஒன்றுவிட்ட சகோதரிகள் பக்கத்து வீட்டிலேயே இருந்திருப்பார்கள்.

இந்தக் குழப்பம் ஏழைகளுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. பின்னாளில் அயர்லாந்தின் தலைவரான ஏமன் டி வலேரா 1882இல் நியூயார்க்கில் பிறந்தவர். நகரப் பிறப்புப் பதிவில் அவர் பெயர் ஜார்ஜ் டி வலேரோ. அதே ஆண்டு டிசம்பரில் தேவாலயத்தில் எட்வர்ட். 1910இல்தான் அரசுப் பதிவு எட்வர்ட் டி வலேரா என்று திருத்தப்பட்டது. முதலில் எழுதப்பட்டதே மெய் என்ற விதியை அப்படியே பின்பற்றுபவர், அவர் வாழ்வில் யாரும் அழைக்காத ஒரு பெயரைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

இத்தகைய வயது முரண்பாட்டைத் தீர்க்க உதவியிருக்கும் முந்தைய கணக்கெடுப்புகள் ஏறக்குறைய எல்லாமே அழிந்தன. 1861, 1871 படிவங்களை அரசே அழித்தது. 1881, 1891 படிவங்கள் முதல் உலகப்போர்க் காலத்தில் காகிதக்கூழாயின. 1821 முதல் 1851 வரையிலான நான்கு கணக்கெடுப்புகளின் பெரும்பகுதி, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், 1922 ஜூன் 30 அன்று டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்து ஆவணக் காப்பகத்தோடு எரிந்தது. ஆங்கிலிக்கச் சபையான அயர்லாந்துத் திருச்சபையின் பங்கு ஏடுகளில் பாதிக்கு மேலும் அங்கேதான் சாம்பலாயின. கத்தோலிக்க ஏடுகள் பங்குகளிலேயே இருந்ததால் தப்பின. 1851 படிவத்தில், முந்தைய பத்தாண்டில் வீட்டில் இறந்தவர்களையும் குறிக்க இடமிருந்தது. அந்தப் பத்தாண்டின் பெரும்பஞ்சத்தில் மாண்டவர்களின் பெயர்கள் வீடுவாரியாக எழுதப்பட்டிருந்த தாள்கள் அவை. அந்த இழப்பை எண்ணும்போது இன்றும் நெஞ்சு கனக்கிறது.

ஆனால் ஓய்வூதியம் கேட்டவர்களில் பலர் 1922க்கு முன்பே அந்தக் காப்பகத்துக்குள் தேடச் சொல்லியிருந்தார்கள். தாய் தந்தை பெயரும், 1841இல் அல்லது 1851இல் குடும்பம் வாழ்ந்த ஊரும் எழுதிய தேடல் படிவம் வரும். ஊழியர் பழைய கட்டைப் பிரித்து, கண்டதைத் தேடல் படிவத்தின் மேலேயே குறித்து வைப்பார். பலவற்றில் எதுவும் கிடைக்கவில்லை என்றே எழுதியிருக்கும். எரிந்துபோன கணக்கெடுப்பின் துணுக்குகளைத் தாங்கிய அந்தத் தேடல் படிவங்கள் அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. நம் பிரிஜிட் போன்றவள் விண்ணப்பித்திருந்தால், 1851இல் அவளுக்கு வயது 5 என்று ஓர் எழுத்தர் பென்சிலால் குறித்த தாள் அந்தக் கட்டுகளுக்குள் கிடக்கலாம்.