வீங்கிய வலது கை

ஆசிரிய கலாசாலையில் படித்த காலத்தில் சித்திரப் பாடத்துக்காக நாம் ஒரு நாள் எமது கைகளை வார்த்தோம். பிளாஸ்டர் ஒவ் பாரிஸைத் தண்ணீரில் கரைத்து, கையில் பூசி, இறுகும்வரை அசையாமல் இருந்தோம். எண்ணெய் போதாமல் பூசியதால் கழற்றும்போது ரோமமும் சேர்ந்து வந்தது வேறு கதை. அந்த அச்சுக்குள் மறுபடி பிளாஸ்டர் ஊற்றி, வெளி அச்சை உடைத்தபோது, ரேகையோடும் நகத்தோடும் எமது கையே மேசையில் கிடந்தது. (பிள்ளைகளோடு செய்பவர்கள் கவனம்: பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். தடிப்பாகப் பூசினால் தோலைச் சுட்டுவிடும்.)

ஜிப்சத்தைச் சூடாக்கி நீரை வெளியேற்றினால் கிடைக்கும் தூள்தான் இது. நீர் சேர்ந்ததும் மீண்டும் கல்லாகிறது. இறுகும்போது மிகச் சிறிதளவு விரிவதால் தோலின் மடிப்புகளுக்குள்ளும் போய் நிரம்புகிறது. ஓவியர் ஒரு தலைவரை அழகாக்கிக் காட்டலாம். அச்சுக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது.

அப்படி மரியாதை தெரியாத ஓர் அச்சின் வரலாறு இது.

1860 மே 18ஆம் திகதி ஆபிரகாம் லிங்கன் அமெரிக்க ஜனாதிபதி வேட்பாளராகத் தெரிவானார். இரண்டு நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, லெனார்ட் வோல்க் என்ற சிற்பி ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த அவரது வீட்டுக்குக் கைகளை வார்க்கப் போனார். வாழ்த்த வந்தவர்களுக்கெல்லாம் கைகொடுத்து லிங்கனின் வலது கை வீங்கியிருந்தது. அந்தக் கையில் எதையாவது பிடித்துக்கொண்டால் நல்லது என்றார் சிற்பி. லிங்கன் விறகுக் கொட்டிலுக்குப் போய் தும்புத்தடிப் பிடியில் ஒரு துண்டை வாளால் அறுத்தார். திரும்பி வந்து அதன் ஓரத்தைக் கத்தியால் சீவத் தொடங்கினார். அது தேவையில்லை என்று வோல்க் சொல்லியும், துண்டு வடிவாக இருக்கட்டுமே என்றாராம். இடது பெருவிரலில் பழைய கோடரிக் காயத் தழும்பும் இருந்தது. இரண்டையும், வீக்கத்தையும் தழும்பையும், பிளாஸ்டர் அப்படியே எடுத்துக்கொண்டது.

1863 ஜனவரி முதலாம் திகதி. கிளர்ச்சி செய்த மாநிலங்களில் அடிமைகளாக இருந்தவர்களை விடுதலை செய்யும் பிரகடனம் கையொப்பத்துக்குக் காத்திருந்தது. புதுவருட வரவேற்பில் மூன்று மணி நேரம் கைகொடுத்துவிட்டு வந்த லிங்கனின் கை மறுபடியும் மரத்து நடுங்கியது. கையொப்பம் நடுங்கினால், அவர் தயங்கினார் என்று பின்னால் வருபவர்கள் சொல்வார்கள் என்று அவர் கவலைப்பட்டார். பேனாவை வைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்து, மெதுவாக முழுப் பெயரையும் எழுதினார்.

எமக்கு இந்த இரண்டு நாட்களும் சேர்த்தே நினைவில் நிற்கின்றன. வகுப்பில் திகதியைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அந்தத் திகதியில் ஒருவருக்குக் கை வலித்தது என்று சொல்வதில்லை.

பின்னர் வொஷிங்டனில் லிங்கன் நினைவகம் எழுந்தது. டானியல் செஸ்டர் ஃபிரெஞ்ச் என்ற சிற்பி 19 அடி உயரமான அமர்ந்த சிலையை வடிவமைத்தார். 28 பளிங்குத் துண்டுகளில் அது செதுக்கப்பட்டது. வோல்க் வார்த்த கைகளின் பிரதிகள் அவரிடம் இருந்தன. ஆனால் அவை இரண்டுமே மூடிய கைகள். ஒரு கை இறுகவும் மற்றது தளர்ந்து விரியவும் வேண்டும் என்று ஃபிரெஞ்ச் நினைத்தார். ஆகவே தன் கைகளையே பிளாஸ்டரில் வார்த்து, அவற்றைப் பார்த்து விரல்களின் நிலையை அமைத்தார். இன்று அங்கே போகிறவர்கள் அண்ணாந்து பார்க்கும் அந்த விரிந்த வலது கையில் சிற்பியின் கையும் இருக்கிறது. அந்தக் கைகள் சைகை மொழியில் லிங்கனின் முதலெழுத்துகளைக் காட்டுகின்றன என்று ஒரு கதையும் உலவுகிறது. அதற்கு ஆதாரம் இல்லை.

ஃபிரெஞ்ச் செய்ததை நாம் ஏமாற்று என்று சொல்லமாட்டோம். அவருக்கு அமைதியான ஒரு லிங்கன் தேவைப்பட்டார், அதைச் செய்தார். ஆனாலும் 1922 மே 30ஆம் திகதி நினைவகம் திறக்கப்பட்டபோது, கறுப்பின மக்கள் தனியாக ஒதுக்கிய பகுதியில் இருத்தப்பட்டார்கள். கறுப்பினத்தவரான ரொபர்ட் மோட்டன் அன்று ஆற்றிய உரையின் கடுமையான பகுதிகள் முன்கூட்டியே வெட்டப்பட்டிருந்தன. அந்தக் கூட்டத்துக்கு மேலே இருந்திருக்க வேண்டியது வீங்கிய கைதான் என்று எமக்குப் படுகிறது.

அந்தக் கையை வோல்க்கின் மகனிடமிருந்து சிலர் சேர்ந்து வாங்கி, 1888இல் நாட்டுக்குக் கொடுத்தார்கள். ஸ்மித்சோனியன் நிறுவனத்திடம் இன்றும் இருக்கிறது. வீக்கம் வடியவில்லை. பிடியில் அந்தத் தும்புத்தடித் துண்டின் வடிவமும் அப்படியே.