அகத்தியர் மலையில் ஒரு காந்த ஊசி

போனக்காட்டுத் தேயிலைத் தோட்டம் தாண்டி அகத்தியர்கூடம் ஏறுகிறவர்கள் முனிவரையும் மூலிகையையும் பேசுவார்கள். ஜான் ஆலன் பிரவுனை யாரும் சொல்வதில்லை. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1837இல் தொடங்கிய திருவனந்தபுரம் வானாய்வுக்கூடத்தின் இயக்குநர் அவர். 1850களில் இந்த மலையில், சுமார் 6,200 அடி உயரத்தில், ஆய்வுக்கூடம் கட்டிக் காந்த ஊசியைக் கவனித்தார். யானைக் காட்டில், கொட்டும் மழையில் இது லேசுப்பட்ட காரியமா?

பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். நூலில் தொங்கும் ஊசி அசையாததுபோல் தெரியும். ஆனால் பகலில் மெல்ல விலகித் திரும்பும், ஒரு பாகையின் சிறு பின்னம் அளவுக்கு. சூரியக் கதிரால் சுமார் 100 கி.மீ. உயரத்தில் எழும் மின்னோட்டமே காரணம். காந்த நடுக்கோட்டருகே அது வலுவாக ஓடும். 1963இல் இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் ஏவ, அந்தக் கோட்டருகே திருவனந்தபுரத்தை ஒட்டியுள்ள தும்பாவைத் தேர்ந்ததும் அதனால்தான்.

ஆசிரியர்களே, பிள்ளைகளோடு இங்கே வந்தால் பிரவுன் பெயரையும் சொல்லுங்கள்.