தேவாலா மழையும் ஒரு டெப் கோப்பும்

எங்கள் தேவாலாவில் ஆடி மழை பிடித்தால் கரண்ட் இருக்காது, நெட் இருக்காது. லினக்ஸ் பொதிகளின் வரலாற்றை நான் கற்றது அப்படியொரு மழையில்தான்.

2011-இல் தமிழக அரசு தரத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் உருவாக்கி 2007-இல் வெளியிட்டது, அடித்தளம் டெபியன். பிள்ளைகள் பலர் அந்தப் பக்கமே போகவில்லை. நான் போனேன், வினையும் வந்தது.

லைன் வீட்டு மாணவி ஒருத்தி தமிழ் எழுத்துரு கேட்டாள். பென் டிரைவில் இருந்த டெப் கோப்பை நிறுவினேன். அது வேறொரு பொதியைக் கேட்டது, அது இன்னொன்றை. நெட் இருந்தால் ஆப்ட் தானே எடுத்து வந்திருக்கும். பொறுமையிழந்து 'ஃபோர்ஸ்' கட்டளையைக் கொடுத்துவிட்டேன். மறுமுறை திறந்தபோது கறுப்புத் திரை. "சார், இனி இது திறக்காதா?" என்றாள். அன்றிரவு தூக்கமில்லை.

அதன் பிறகே படிக்க உட்கார்ந்தேன். ஆரம்ப காலத்தில் மூலநிரலை இறக்கி, 'மேக்', 'மேக் இன்ஸ்டால்' என்று நாமே கட்ட வேண்டும். எந்தக் கோப்பு எங்கே போனது என்பதற்குக் கணக்கு கிடையாது, நீக்குவதும் பெரும்பாடு. 1993 ஆகஸ்டில் பர்டூ பல்கலைக்கழக மாணவர் இயன் மர்டாக் டெபியனை அறிவித்தார். தோழி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து வைத்த பெயர் அது. டிபிகேஜி வந்ததும் ஒவ்வொரு கோப்புக்கும் பேரேடு வந்தது. எது எதைச் சார்ந்தது என்று பார்த்து வரவழைக்கும் ஆப்ட், 1999-இல் டெபியன் 2.1-உடன் வந்தது. நான் மீறியது அந்தப் பேரேட்டைத்தான்.

டெப் கோப்பைப் பிரித்தால் உள்ளே மூன்றே உருப்படிகள்: வடிவப் பதிப்பு எண், விவரக் கட்டு, கோப்புக் கட்டு. எழுத்துருவுக்கு நிரல் தொகுக்கும் வேலை இல்லை என்பதால் நானே ஒன்று கட்டிப் பார்த்தேன். 'கன்ட்ரோல்' கோப்பில் பெயர், பதிப்பு, பராமரிப்பாளர், விளக்கம் எல்லாம் எழுதியும் பிழை. கடைசி வரிக்குப் பின் என்டர் தட்டவில்லையாம்! முற்றுப்புள்ளி விட்ட பிள்ளைகளுக்கு அரை மதிப்பெண் குறைத்தவன் நான், சிரித்துவிட்டேன்.

பராமரிப்பாளர் என்ற இடத்தில் என் பெயர், பதிப்பு 1.0. மடிக்கணினியில் பாஸை முதலிலிருந்து ஏற்றி, பொதியை அதில்தான் முதலில் நிறுவினேன். நெட் தேவைப்படவில்லை. அவள் தட்டிய முதல் சொல் அவள் அம்மாவின் பெயர்.