பதிலாளுக்கு விட்ட பங்கு

ஆங்கில நாவல் படித்தவர்களுக்கு விக்கர் பழக்கமான ஆள். கிராமத்துக் கோயிலை ஒட்டிய வீட்டில் இருப்பார், ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்வார், கல்யாணமும் அடக்கமும் நடத்தி வைப்பார். அந்தக் கோயிலுக்கு அவர்தான் எல்லாம் என்றே நாம் நினைத்துக்கொள்கிறோம். அவருடைய பட்டப்பெயர் அப்படிச் சொல்லவில்லை. விக்காரியுஸ் என்ற லத்தீன் சொல்லுக்குப் பதிலாள் என்று பொருள். வைஸ்ராய், வைஸ் சான்சலர் என்பவற்றில் முன்னால் நிற்கும் வைஸும் அதே குடும்பம்தான். ஒருவருடைய இடத்தில் நின்று வேலை பார்ப்பவர் விக்கர். யாருடைய இடத்தில் என்று கேட்டால்தான் வரலாறு வாய் திறக்கிறது.

இடைக்கால இங்கிலாந்தில் ஒவ்வொரு கோயிலின் எல்லையிலும் விளைச்சலில் பத்தில் ஒன்று கோயிலுக்குப் போக வேண்டும். நம் வேதப் புத்தகத்தில் தசமபாகம் என்று படிக்கிறோமே, அதேதான். மனமிருந்தால் போடும் காணிக்கை அல்ல அது. சட்டம் கேட்டு வாங்கிய வரி. அதை முழுதாகப் பெறும் உரிமை உள்ள குருவுக்கு ரெக்டர் என்று பெயர். கோயில்களைக் கட்டிய நிலப்பிரபுக்கள், குறிப்பாக நார்மானியர் வந்த பிறகு, தங்கள் ஆத்துமாவுக்காகப் பல கோயில்களை மடங்களுக்கு எழுதி வைத்தார்கள். கோயில் கைக்கு வந்ததும் மடமே ரெக்டர் ஆனது. பத்திலொரு பங்குத் தானியம் மடத்தின் களஞ்சியத்துக்குப் போயிற்று. ஆனால் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும், நள்ளிரவில் சாகக் கிடப்பவரைப் பார்க்கப் போகவும் கிராமத்தில் ஒரு ஆள் வேண்டுமே. அதற்காக அமர்த்தப்பட்டவர்தான் விக்கர்.

முதலில் மடங்கள் இவர்களைக் குறைந்த கூலிக்கு வைத்தன, வேண்டாதபோது நீக்கின. 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் இதைக் கண்டித்து, பதிலாள் நிரந்தரமாக இருக்க வேண்டும், பிழைப்புக்குத் தகுந்த பங்கு அவருக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்று விதித்தது. லிங்கன் ஆயர் ஹியூ ஆஃப் வெல்ஸ் தம் மறைமாவட்டத்தில் சுமார் 300 விக்கர்களுக்கு இப்படிப் பங்கு பிரித்து எழுதி வைத்தார். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்தவர் அவர். நல்லெண்ணத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை; பதிலாளுக்கு என்னென்ன சேர வேண்டும் என்று கோயில் கோயிலாக ஏட்டில் ஏற்றினார்.

இந்தப் பிரிவினையில் பொதுவாகக் கோதுமை, வாற்கோதுமை, உலர்புல், மரம் எல்லாம் பெரிய தசமபாகம், அவை ரெக்டருக்கு. முட்டை, பன்றிக்குட்டி, தேன், ஆப்பிள், கொல்லையில் விளைந்த காய் ஆகியவை சிறிய தசமபாகம்; அவை விக்கருக்கு. கம்பளியும் ஆட்டுக்குட்டியும் ஊருக்கு ஊர் மாறின. வயலில் நிற்கும் கதிரைப் பத்துக்கு ஒன்றாக எண்ணிக் கட்டிவிடலாம். முட்டையையும் ஆப்பிளையும் வீடு வீடாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஜெபம் சொல்லித்தர வேண்டியவர் பன்றிக்குட்டிக்காகத் தம் சபையாரோடு வழக்காடும்படி ஆனது. அந்தக் கசப்பைக் குருமாரின் பேராசை என்று மட்டும் எழுதுவது நியாயமில்லை. ஏற்பாடே அப்படி அமைந்திருந்தது.

எட்டாம் ஹென்றி 1536 முதல் 1540 வரை மடங்களைக் கலைத்தார். அவற்றின் தசமபாக உரிமை அரசுக்குப் போய், அங்கிருந்து பெரும்பாலும் விற்பனையாகவும் கொடையாகவும் நிலக்கிழார்களிடம் சேர்ந்தது. குருப்பட்டமே பெறாதவர் ரெக்டர் ஆனார். மடம் போன பிறகாவது அந்தத் தானியம் ஊர்க் குருவிடம் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. இங்கிலாந்தின் சீர்திருத்தம் செய்யத் தவறிய பெரிய நீதி இதுதான் என்பது என் முடிவு. 1704இல் ஆன் அரசி, குருமாரிடமிருந்து அரச குடும்பம் வாங்கிவந்த வரியை ஏழைக் குருமாருக்கே திருப்பிவிட்டார். நல்ல காரியம், பள்ளம் பெரிது.

பதிலாளுக்கும் பதிலாள் வந்தார். அவர் கியூரேட். செல்போர்ன் கிராமத்தின் பறவைகளையும் பூச்சிகளையும் பற்றி 1789இல் வெளியான நூலால் உலகம் அறிந்த கில்பர்ட் வைட், அந்த ஊரில் கியூரேட்டாகத்தான் இருந்தார். விக்கரை நியமிக்கும் உரிமை ஆக்ஸ்போர்டின் மாக்டலன் கல்லூரியிடம் இருந்தது. வைட் ஓரியல் கல்லூரிக்காரர். அவருடைய தாத்தா அதே ஊரில் விக்கராக இருந்தவர். பேரனுக்கு அந்தப் பட்டம் கடைசிவரை வரவில்லை. அவர் 1793இல் காலமானார்.

இதைப் படிக்கும்போதெல்லாம் என் தாத்தா நினைவுக்கு வருகிறார். அவர் நாசரேத் பக்கத்துக் கிராமமொன்றில் உபதேசியார். எங்கள் பக்கம் ஐயர் என்றால் குருவானவர். ஐயர் மாதத்துக்கு ஒருமுறை வந்து திருவிருந்து கொடுத்துப் போவார். மற்ற நாளெல்லாம் காலை மாலை ஜெபம், பிள்ளைகளுக்கு எழுத்து, காய்ச்சல்காரர் வீடு, புருஷன் பெண்டாட்டி சண்டை எல்லாம் தாத்தாவுடைய பொறுப்பு. சபைப் பெண்கள் உலை வைக்கும்போது எடுத்து வைத்த கைப்பிடி அரிசியும் சிறு சம்பளமும் அவருடைய வரும்படி. செல்போர்னை நான் பார்த்ததில்லை, ஆனால் அந்தக் கியூரேட்டின் நடையை அறிவேன்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1836ஆம் ஆண்டுச் சட்டம் தானியத்தையும் முட்டையையும் பணமாக மாற்றியது. 1868இல், நிரந்தர கியூரேட் எனப்பட்டவர்களும் விக்கர் என்று அழைக்கப்படலானார்கள். 1936இல் தசமபாகப் பண உரிமையும் ஒழிந்தது. ஆனால் ரெக்டரின் கடமை ஒன்று தப்பிக் கிடந்தது: கோயிலில் பீடம் இருக்கும் கிழக்குப் பகுதியைப் பழுதுபார்ப்பது அவர் பொறுப்பு. வாரிக்‌ஷயரில் ஆஸ்டன் காண்ட்லோ என்ற ஊரில், தசமபாகத்துக்கு ஈடாக 18ஆம் நூற்றாண்டில் ஒதுக்கப்பட்ட நிலம் ஒரு தம்பதியிடம் வந்திருந்தது. நிலத்தோடு அந்தக் கடமையும் வந்துவிட்டது என்று 2003இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது.

இங்கிலாந்தின் பழைய கோயில்கள் பலவற்றில் 13ஆம் நூற்றாண்டு முதலான ரெக்டர்கள், விக்கர்களின் பெயர்ப்பலகை மாட்டியிருக்கும். கியூரேட்டுகளுக்கு அதில் பொதுவாக இடமில்லை. நம் சேகரங்களிலும் ஐயர்மாரின் பெயர் கல்லில் இருக்கிறது. உபதேசியார்களின் பெயர் பழைய பதிவேடுகளிலும் ஊர்ப் பெரியவர்களின் நினைவிலும் மட்டும் இருக்கிறது. உங்கள் ஊர்க் கோயிலில் ஊழியம் செய்த உபதேசியார்கள் யார் யார் என்று இந்த வருஷமே கேட்டு எழுதி வையுங்கள். சொல்லக்கூடியவர்களுக்கு வயதாகிவிட்டது.