பிறர் கணக்கில் மெலுஹா: ஆப்பெழுத்து ஆவணங்களில் சிந்துவெளி மக்கள்

சிந்துவெளி மக்கள் எழுதியவை குறைவு, எழுதியதும் சுருக்கம். ஒரே பரப்பில் பொறிக்கப்பட்ட மிக நீண்ட வாசகத்தில் 17 குறிகளே உள்ளன, சராசரியாக ஐந்துதான். ஐராவதம் மகாதேவன் 1977இல் வெளியிட்ட தொகுப்பில் 417 குறிகளை வகைப்படுத்தினார். அவற்றின் ஒலிமதிப்பு பற்றி இன்றுவரை உடன்பாடு இல்லை. அவை மொழியைக் குறிக்கும் எழுத்தே அல்ல என்று 2004இல் ஃபார்மர், ஸ்ப்ரோட், விட்சல் மூவரும் வாதிட்டது தனிக்கதை. ஆனால் அந்த மக்களோடு வணிகம் செய்த மெசபடோமியர்கள் களிமண்ணில் ஓயாமல் எழுதினார்கள். கிழக்கே கடல் கடந்து இருந்த ஒரு நாட்டை அவர்கள் ‘மெலுஹா’ என்றனர். அதைச் சிந்துவெளியோடு இணைப்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. அந்த ஆவணங்கள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட முடியாது. அரசனின் பெருமைக் கல்வெட்டைவிடத் தானியக் கிடங்கின் வரவுக் குறிப்பே நம்பகமான சாட்சி என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

சிந்துவெளிக்குக் காலம் கணித்துத் தந்ததும் மெசபடோமியாதான். 1924 செப்டம்பர் 20 அன்று இந்தியத் தொல்லியல் துறைத் தலைவர் ஜான் மார்ஷல் ஹரப்பா, மொஹஞ்சதாரோ கண்டுபிடிப்புகளை ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ இதழில் வெளியிட்டார். அவற்றின் தொன்மை அவருக்கே தெளிவாகவில்லை. அடுத்த சில வாரங்களில் மெசபடோமிய ஆய்வாளர்களான சேய்ஸ், காட், சிட்னி ஸ்மித் ஆகியோர் ஈலம், சுமேரியப் பொருள்களோடு அவற்றுக்கிருந்த ஒப்புமையைச் சுட்டிக்காட்டினார்கள். 1932இல் உர் நகரத்தில் கிடைத்த இந்திய பாணி முத்திரைகளைக் காட் தொகுத்து வெளியிட்டார். மெசபடோமியாவின் தெல் அஸ்மரில் யானை, காண்டாமிருகம், முதலை பொறித்த உருளை முத்திரை ஒன்று அக்காதியக் கால அடுக்கில் கிடைத்தது. ரேடியோ கார்பன் முறை வருமுன், ஹரப்பாவின் வயதை அறிய அக்காத் அரசர்களின் ஆட்சிக் கணக்கையே நம்ப வேண்டியிருந்தது.

அந்த அரசர்களில் முதல்வன் சர்கோன் (சுமார் கி.மு. 2300). மெலுஹா, மாகன், தில்முன் நாட்டுக் கப்பல்களைத் தன் தலைநகர் அக்காதின் துறையில் கட்டவைத்ததாக அவன் அறிவித்துக்கொண்டான். மாகன் இன்றைய ஓமான் பகுதி, தில்முன் பஹ்ரைன். பாடநூல்கள் விடாமல் எடுத்தாளும் செய்தி இது. ஆனால் நம் கையில் இருப்பது சர்கோன் காலத்து மூலம் அன்று. சில நூற்றாண்டுகள் கழித்து நிப்பூர் எழுத்தர்கள் படியெடுத்தது. அவன் மகன் ரிமூஷின் வெற்றிச் செய்தியில், ஈரான் மேட்டுநிலத்தில் அவனை எதிர்த்துத் திரண்ட படைகளுள் மெலுஹாவும் வருகிறது. சிந்துவெளிப் படை அவ்வளவு தூரம் போனதா, எதிரிப் பட்டியலை நீட்டினால் வெற்றி பெரிதாகத் தெரியும் என்று எழுத்தர் நினைத்தாரா என்பதைக் கல்வெட்டை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது.

அதே அக்காதியக் காலத்தின் சிறிய பொருள்கள் இரண்டு இதைவிட அதிகம் சொல்கின்றன. ஒன்று, லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள ஷு-இலிஷுவின் உருளை முத்திரை. அவன் தன்னை மெலுஹா மொழிபெயர்ப்பாளன் என்று குறித்துக்கொள்கிறான். அகழாய்வில் கிடைக்காமல் தனியார் தொகுப்பின் வழியாக வந்ததால், எந்த ஊரில் அவன் தொழில் செய்தான் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் அந்த மொழி உள்ளூரில் புரியவில்லை என்பதும், அதைத் தொழிலாகவே கற்றுப் பிழைக்குமளவு தேவை இருந்தது என்பதும் இதனால் உறுதி. மற்றொன்று ஒரு களிமண் பலகை. லூ-சுன்சிடா என்ற மெலுஹாக்காரன், கைகலப்பில் ஒருவனின் பல்லை உடைத்ததற்காக 10 ஷெக்கல் வெள்ளி கொடுத்தான் என்கிறது அது. ஏறத்தாழ 80 கிராம். பிற்பட்ட உர்-நம்மு சட்டத்தொகுப்பில் ஒரு பல்லுக்குத் தண்டம் 2 ஷெக்கல்தான். அயலான் என்பதால் ஐந்து மடங்கு வாங்கினார்களா? காலம் வேறு, ஊர் வேறு; அப்படி முடிவுகட்டுவது அவசரம். தண்டம் கட்டியவனின் பெயர் சுமேரியப் பெயர் என்பதே கூடுதல் கவனத்துக்குரியது.

லகாஷ் அரசன் கூதியா (கி.மு. 22ஆம் நூற்றாண்டு) நின்கிர்சு தெய்வத்துக்குக் கோயில் எழுப்பியதைப் பாடும் இரு பெரிய களிமண் உருளைகளில், மெலுஹா மக்கள் தம் நாட்டிலிருந்து வந்து பொருள் சேர்த்ததாக வருகிறது. மரம், பொற்றூள், செம்மணிக்கல் ஆகியவை அவன் குறிப்புகளில் மெலுஹாவோடு சேர்த்துச் சொல்லப்படும் பொருள்கள். பக்திப் புனைவு என்று இதை ஒதுக்கிவிட முடியாதபடி தொல்லியல் குறுக்கே நிற்கிறது. உர் அரச கல்லறைகளில் கிடைத்த நீண்ட செம்மணிகள், சிந்துவெளியின் சான்ஹுதாரோ பட்டறைகளின் தனித்தேர்ச்சியாக அறியப்பட்ட வகை. ஓமான் கரையில் ராஸ் அல்-ஜின்ஸில் நாணல் படகுகளுக்குப் பூசிய நிலக்கீல் துண்டுகள், ஒருபுறம் நாணல் தடமும் மறுபுறம் கடல் ஒட்டுச்சிப்பியுமாகக் கிடைத்துள்ளன.

மூன்றாம் உர் அரசமரபுக்கு (கி.மு. 2112-2004) வரும்போது படம் அடியோடு மாறுகிறது. இக்காலக் கணக்குப் பலகைகளில் மெலுஹா என்பது லகாஷ் பகுதியில் குஅப்பா நகரை ஒட்டிய ஒரு கிராமத்தின் பெயராகவும் வருகிறது. சிமோ பர்போலா, அஸ்கோ பர்போலா, ராபர்ட் பிரன்ஸ்விக் மூவரும் 1977இல் இப்பலகைகளை ஒருங்கே ஆராய்ந்தனர். கிராமத்துக் களஞ்சியம் வாற்கோதுமை அளக்கிறது. ‘மெலுஹாவின் மகன் உர்-லம்மா’ என்று ஒருவன் பட்டியலில் நிற்கிறான். சர்கோன் காலத்துக் கப்பல்காரரின் வழிவந்தோர் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக அங்கே தங்கி, உள்ளூர்ப் பெயர் சூடி, எல்லாக் குடிகளையும்போல வரி அளந்தனர் என்பது அம்மூவரின் விளக்கம். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்க, வாழ்ந்தவர்கள் வேறு குடிகளாகவும் இருக்கலாம் என்ற மறுப்புக்கு இடமுண்டு. எனக்கு முதல் விளக்கமே பொருத்தமாகப் படுகிறது. காரணம் எளிது: இந்த எழுத்தருக்கு மெலுஹாவை உயர்த்தவோ தாழ்த்தவோ எந்தத் தேவையும் இல்லை. அளந்த தானியம் சரியாக இருந்தால் அவர் வேலை முடிந்தது.

கி.மு. 1900க்குப் பிறகு வணிக ஆவணங்களில் மெலுஹா மங்கிவிடுகிறது. உர் வணிகர்கள் செம்பு வாங்கப் போவது தில்முனுக்குத்தான். மட்டமான செம்பு விற்றதாக வாடிக்கையாளர் நன்னியிடம் வசவு வாங்கிய ஈ-நாசிர் இந்தக் காலத்து ஆள். சிந்துவெளி நகரங்கள் சரிந்த காலமும் இதுவே என்பதால் இரண்டையும் காரண காரியமாக முடிச்சுப் போடும் ஆசை எழும். ஆனால் இதற்கிடையே எழுதுகிறவர்களே மாறிவிட்டார்கள். பேரரசின் களஞ்சியக் கணக்கு நின்றுபோய், எஞ்சியவற்றில் தனி வணிகர்களின் கடிதமும் கடன்சீட்டும் மிகுதி. சரக்கு நின்றதா, அதைக் குறிக்கும் அலுவலகம் நின்றதா என்பதைப் பிரித்தறிய மறுகரையின் சான்று வேண்டும்.

பெயர் மட்டும் சாகவில்லை. கி.மு. 7ஆம் நூற்றாண்டில் அசீரிய அரசன் அசுர்பனிபால் எகிப்தின் மீதும் நூபியர் மீதும் படையெடுத்ததை எழுதும்போது, மாகன், மெலுஹா என்ற பழம்பெயர்களை அந்நாடுகளுக்குச் சூட்டினான். இதை ஆதாரமாகக் கொண்டு, சர்கோன் காலத்து மெலுஹாவையும் ஆப்பிரிக்காவில் தேடிய அறிஞர்கள் இருந்தார்கள். ஆயிரத்து அறுநூறு ஆண்டு இடைவெளியுள்ள இரு ஆவணங்களை அருகருகே வைத்துப் படித்ததால் நேர்ந்த குழப்பம் அது. அதைத் தெளிவித்ததில் மண்ணில் கிடைத்த செம்மணிகளுக்கும் முத்திரைகளுக்கும் பெரும்பங்கு உண்டு.