வடக்கன்குளத்துச் சுவரும் ஒரு மாணவரின் கேள்வியும்



பதிவு கொஞ்சம் நீளம். வரலாற்று வாத்தியாரிடம் சுருக்கமாகக் கேட்டால் கிடைக்காது என்று உங்களுக்கே தெரியும்.

முந்தாநாள் ராத்திரி பழைய மாணவர் ஒருவர் பேசினார். கத்தோலிக்கக் குடும்பம், இப்போது வேறு மாவட்டத்தில் இருக்கிறார். "சார், எங்க பங்குல சாமியாருக்கும் சனத்துக்கும் முட்டிக்கிச்சு. திருவிழாக் கணக்கைக் கேட்டா காட்டமாட்டேங்கிறார். ஆயருக்கு மனு போட்டு அஞ்சு மாசம், பதில் இல்ல. கோயிலைப் பூட்டிரலாம்னு ஊர்ல பேசுறாங்க. இதுக்கு முன்னாடி இப்படி எங்கயாச்சும் நடந்திருக்கா சார்?"

நான் கத்தோலிக்கன் அல்ல. ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் நம் ராயகிரியிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. தென்காசி, திருநெல்வேலி போய், வள்ளியூர் தாண்டினால் வடக்கன்குளம். 1680-களிலேயே அங்கே நாடார் கத்தோலிக்கர்களின் சபை உருவாகிவிட்டது. தேவசகாயம் 1745-இல் திருமுழுக்குப் பெற்றதும் இதே ஊரில்தான். நாடார்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். பிள்ளை, முதலி என்று பட்டம் போட்டுக்கொண்ட வேளாளர்கள் குறைவு. ஆனால் பீடத்தில் பணிசெய்யும் உரிமை தங்களுக்கு மட்டுமே என்பது அவர்கள் வாதம்.

1872-இல் அங்கே ஒரு கோயில் கட்டி முடித்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கால்சட்டையை விரித்துப் போட்டதுபோல இரண்டு கால்கள். ஒரு காலில் வேளாளர், மறு காலில் நாடார். இரண்டும் சேரும் இடத்தில் பீடம். பூசை வைக்கும் சாமியாருக்கு இரண்டு பக்கமும் தெரியும், இந்தப் பக்கத்தார் அந்தப் பக்கத்தாரைப் பார்க்க முடியாது. கால்சட்டைக் கோயில் என்றே அதற்குப் பேர் வந்துவிட்டது. கட்டியவர்கள் பிரெஞ்சு நாட்டு இயேசு சபைக் குருக்கள். ஊர்ச் சண்டை ஓயட்டும் என்று செய்த ஏற்பாடு.

அவர்களுக்கு இந்தப் பழக்கம் புதிதல்ல. 17-ஆம் நூற்றாண்டில் மதுரை மிஷனிலேயே மேல்சாதியாருக்குச் சந்நியாசி வேடத்தில் ஒரு குரு, மற்றவர்களுக்குப் பண்டாரசுவாமி என்று இன்னொரு குரு. 1744-இல் திருத்தந்தை 14-ஆம் பெனடிக்ட், நோயில் கிடக்கும் பறையர் வீட்டுக்குள்ளும் குரு போய்த்தான் ஆகவேண்டும் என்று ஆணையிட்டார். அதற்கு இங்கே கண்ட வழி என்ன தெரியுமா? அவர்களுக்கென்று தனியாகக் குருக்களை ஒதுக்கியது! ஆணையையும் மீறவில்லை, சாதியையும் தொடவில்லை. நம் அலுவலகங்களில் சுற்றறிக்கைக்குப் பதில் எழுதுகிற சாமர்த்தியம் எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்ததுண்டு.

வடக்கன்குளத்துக்கு வருவோம். கால்சட்டைக் கோயில் நாடார்களுக்கு நாளும் ஓர் அவமானம். தங்கள் உழைப்பும் காணிக்கையும் இருக்கிற கோயிலில் எதற்குச் சுவர் என்று கேட்டார்கள். கேட்டுக் கேட்டு ஒரு தலைமுறைக்கு மேல் போனது. 1910-ஐ ஒட்டித்தான் திருச்சபையே முன்நின்று சுவரை இடித்தது.

இடித்த பிறகு நடந்ததுதான் நான் மாணவருக்குச் சொல்ல விரும்பியது. இப்போது வேளாளப் பங்கு மக்களுக்கு மனக்குறை. திருச்சி ஆயர் மீதே வழக்குப் போட்டார்கள். சுவரைத் திரும்பக் கட்டித் தரவேண்டும், பீடப் பணி எங்களுக்கே என்று அறிவிக்கவேண்டும், இதுதான் கோரிக்கை. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. மைக்கேல் பிள்ளை எதிர் பார்த் என்ற பெயரில் 1917-ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. பார்த் என்பது ஆயரின் பெயர். இன்னொருவர் பக்கத்தில் வரக்கூடாது என்கிற உரிமைக்குத் தீட்டைத் தவிர வேறு அடிப்படை கிடையாது, கிறிஸ்தவத்தில் தீட்டுக்கு இடமில்லை என்கிற போக்கில் நீதிமன்றம் கோரிக்கையைத் தள்ளிவிட்டது.

ஆக, ஒரே கோயில், ஒரே பங்கு. நாற்பது ஆண்டு நாடார்கள் தலைமையோடு மனத்தாங்கலில் இருந்தார்கள். அதன் பிறகு வேளாளர்கள். இருவருமே தங்களை அநீதிக்கு ஆளானவர்களாகத்தான் நினைத்தார்கள். சாமியாரை எதிர்க்கிறார்கள் என்பதற்காகவே மக்கள் பக்கம் நியாயம் என்று நான் எழுதமாட்டேன். சாமியார் சொல்கிறார் என்பதற்காக அவர் பக்கமும் எழுதமாட்டேன். (பேராசிரியர் ஆ. சிவசுப்பிரமணியன் இதைப் பற்றி 'கிறித்தவமும் சாதியும்' என்று தனி நூலே எழுதியிருக்கிறார். நூலகத்தில் கிடைத்தால் எடுத்துப் படியுங்கள்.)

இதில் சீர்திருத்த சபையாருக்கும் கத்தோலிக்கருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நாசரேத் பக்கத்தில் அருமைநாயகம் என்ற சட்டம்பிள்ளை, மிஷனரிகளோடு முரண்பட்டு 1857-இல் இந்து கிறிஸ்தவ சபை என்று தனியாகவே ஆரம்பித்து, ஓய்வுநாளைச் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டார். கத்தோலிக்கர் அப்படிப் பிரிந்தால் கத்தோலிக்கராகவே இருக்க முடியாது. ஒரு காலத்தில் மட்டும் அவர்களுக்கும் ஒரு மாற்றுவழி இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் கோவா குருக்களும் ரோமாபுரி அனுப்பிய குருக்களும் ஒரே ஊர்க் கோயிலுக்கு உரிமை கொண்டாடியபோது, இந்தச் சாமியார் பிடிக்கவில்லையென்றால் அந்தச் சாமியாரைக் கூட்டிவந்தார்கள். 1886-இல் ரோமுக்கும் போர்ச்சுகலுக்கும் ஏற்பட்ட உடன்பாட்டுக்குப் பிறகு அந்த வழியும் அடைபடத் தொடங்கியது.

இப்போது இருப்பது 1983-இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பு. அதன் 212-ஆம் பிரிவு, தங்கள் கருத்தை மேய்ப்பர்களுக்குத் தெரிவிப்பது பொதுநிலையினரின் உரிமை, சில வேளைகளில் கடமையும்கூட என்கிறது. 537-ஆம் பிரிவு ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆகவேண்டும் என்கிறது. ஆனால் 536-ஆம் பிரிவின்படி பங்குப் பேரவைக்கு ஆலோசனை சொல்லும் அதிகாரம்தான். புதுப் பங்கு ஏற்படுத்துவது, 515-ஆம் பிரிவின்படி, ஆயர் ஒருவர் கையில். கேட்கலாம், முடிவெடுக்க முடியாது. பூட்டும் போராட்டமும் நீதிமன்றமும் இந்த இடைவெளியில்தான் வந்து நுழைகின்றன.

உளுந்தூர்பேட்டை பக்கம் எறையூரில் அதுதான் நடந்தது. தலித் கத்தோலிக்கர்கள் சாவு ஊர்வலத்தைப் பெரிய தெரு வழியாகக் கொண்டுபோக முடியவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு, எங்கள் சகாய மாதா கோயிலைத் தனிப் பங்காக்குங்கள் என்று கேட்டார்கள். வன்னியக் கத்தோலிக்கர்கள் எதிர்த்தார்கள். 2008 மார்ச் 9-ஆம் தேதி கலவரம், துப்பாக்கிச் சூடு, இரண்டு உயிர்கள். கவனியுங்கள், வடக்கன்குளத்தில் சுவர் வேண்டும் என்றவர்கள் மேலே இருந்தவர்கள். எறையூரில் தனியே போகிறோம் என்றவர்கள் கீழே வைக்கப்பட்டவர்கள். பார்வைக்கு இரண்டும் பிரிவினைக் கோரிக்கைதான். ஆனால் ஒன்றல்ல. 2016-இல் இந்திய ஆயர் பேரவையே தன் தலித் கொள்கை அறிக்கையில் திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. கும்பகோணம் மறைமாவட்டத்துக் கோட்டப்பாளையத்தின் தலித் பங்கு மக்கள் உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 பிப்ரவரியில் நோட்டீஸ் அனுப்பவைத்தார்கள்.

மனுவே போதும் என்று ஆனதும் உண்டு. தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் தரும் நேரத்தில், சாதிப் பட்டமான 'பிள்ளை' எதற்கு என்று ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவரும் மற்றவர்களும் ரோமுக்கு எழுதினார்கள். வத்திக்கான் அதை நீக்கியது. 2022 மே 15-இல் அவர் வெறும் தேவசகாயமாகவே புனிதரானார்.

இவ்வளவையும் போனில் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. (வீட்டில் சாப்பாடு ஆறிப்போனதற்குத் தனியே விசாரணை நடந்தது.) கடைசியாக, "கதவைப் பூட்ட வேண்டாம்ப்பா. 537-ஐக் காட்டி நிதிக்குழுவைக் கூட்டச் சொல்லி எழுத்துல கேளுங்க. அது சரி, மனுவுல எத்தனை கையெழுத்து?" என்றேன்.

"இருநூத்துச் சொச்சம் சார்."

"எல்லாத் தெருவும் இருக்கா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "கீழத்தெருவுல யாரும் போய்க் கேக்கல சார்" என்றார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போய்க் கேட்டுவிட்டு மறுபடி பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.