மறைமலையடிகள்

மறைமலையடிகள் (15 ஜூலை 1876 – 15 செப்டம்பர் 1950) சைவ சித்தாந்தத் தத்துவ அறிஞர், தமிழாசிரியர், உரையாசிரியர், சொற்பொழிவாளர். தனித்தமிழ் இயக்கத்தைத் தோற்றுவித்தவர் என்றே பெரும்பாலும் நினைக்கப்படுகிறார். ஆனால் அவருக்கு மொழித்தூய்மை தத்துவத்தின் விளைவு. தமிழரின் தொல்சமயம் சைவமே, அது வடக்கிலிருந்து வந்ததன்று என்று நிறுவ முற்பட்டவர், அந்தச் சமயத்தைச் சொல்லும் மொழியும் தன் காலில் நிற்க வேண்டும் என்று கருதினார்.

நாகப்பட்டினத்தில் சொக்கநாத பிள்ளைக்கும் சின்னம்மைக்கும் பிறந்தவர், இயற்பெயர் வேதாசலம். உள்ளூர் வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது தந்தை இறந்ததால் படிப்பு நின்றது. கல்லூரி வாசலை மாணவராக மிதிக்காத இவர் புத்தகக் கடை வைத்திருந்த நாராயணசாமி பிள்ளையிடம் தமிழ் இலக்கண இலக்கியங்களையும், சூளை சோமசுந்தர நாயகரிடம் சித்தாந்தத்தையும் கற்றார். ஆங்கிலத்தையும் வடமொழியையும் பெரும்பாலும் சொந்த முயற்சியால் பயின்றார். 1897இல் ஜே.எம். நல்லசாமி பிள்ளை தொடங்கிய ‘சித்தாந்த தீபிகை’ இதழில் பணியாற்றச் சென்னை வந்தார். மறு ஆண்டே சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தமிழாசிரியரானார். அப்போது அங்கே தமிழ்த்துறைக்குத் தலைமை வகித்தவர் பரிதிமாற்கலைஞர்.

கல்லூரி ஆண்டுகளில்தான் அவருடைய இலக்கியப் புகழ் வளர்ந்தது. முல்லைப்பாட்டுக்கும் பட்டினப்பாலைக்கும் எழுதிய ஆராய்ச்சியுரைகள் அந்தப் பாட்டுகளைச் சொல்லுக்குச் சொல் பொருள் கூறி விட்டுவிடாமல், அவற்றின் கட்டமைப்பையும் இயற்கை வருணனையையும் திறனாய்வு நோக்கில் பேசின. காளிதாசரின் சாகுந்தலத்தை 1907இல் தமிழாக்கினார். 1902இல் ‘ஞானசாகரம்’ இதழைத் தொடங்கினார். வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்று எழுந்த பூசலில் 1903இல் வள்ளலாரின் பக்கம் நின்று, எதிர்த்தரப்பின் கதிரைவேற் பிள்ளையோடு வாதிட்டார். 1905இல் சைவ சித்தாந்த மகாசமாஜம் உருவானதிலும் அவருக்குப் பெரும் பங்குண்டு.

1911இல் கல்லூரியை விட்டார். பட்டப்படிப்பில் தமிழ் கட்டாயப் பாடமாக இல்லாமற்போனதே அதன் பின்னணி. பல்லாவரத்தில் குடியேறித் துறவுநிலை பூண்டார். ஆனால் மனைவி மக்களோடுதான் வாழ்ந்தார். அங்கே சமரச சன்மார்க்க நிலையம், நூலகம், அச்சுக்கூடம் எல்லாம் அமைந்தன. ஆசிரியர், வீடு, மாணவர், நூல் ஆகியவை ஒரே வளாகத்தில் சேர்ந்த இந்த ஏற்பாடு பழங்கிரேக்கத் தத்துவப் பள்ளிகளை நினைவூட்டும். அத்தகைய பள்ளி ஒன்றை நடத்திய பித்தாகரசு புலால் மறுப்பையும் மறுபிறப்புக் கொள்கையையும் ஒரே வாழ்க்கைமுறையாக இணைத்தார். அடிகளும் உணவு, உறக்கம், நெடுவாழ்வு ஆகியவற்றை உயிர் பற்றிய கொள்கையிலிருந்து பிரிக்கவில்லை. ‘மரணத்தின்பின் மனிதர் நிலை’, அறிதுயில் பற்றிய நூல், ‘மக்கள் நூறாண்டு உயிர்வாழ்க்கை’ எல்லாம் இந்த ஒரே சிந்தனையின் கிளைகள். நூறாண்டு வாழ வழி எழுதியவர் எழுபத்து நான்கு வயதில் மறைந்தார்.

இறை, உயிர், தளை ஆகிய மூன்றும் என்றும் உள்ளவை, உலகம் வெறுந்தோற்றம் அன்று என்பது சித்தாந்தம். இதை அவர் புதிதாக மாற்றியமைக்கவில்லை. மடங்களுக்குள் இருந்த சாத்திரத்தை மேடைக்கும் அச்சுக்கும் கொண்டுவந்ததும், மேலை அறிவுத்துறைகளின் முன்னிலையில் அதற்காக வாதாடியதுமே அவருடைய தனிப்பணி.

1916இல் தனித்தமிழ்க் கொள்கையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். மகள் நீலாம்பிகையோடு வள்ளலார் பாடல் ஒன்றில் வந்த ‘தேகம்’ என்ற வடசொல்லைப் பற்றி நிகழ்ந்த உரையாடலே தூண்டுதல் என்று சொல்லப்படுகிறது. வேதாசலம் மறைமலை ஆனார். ‘ஞானசாகரம்’ ‘அறிவுக்கடல்’ ஆயிற்று. சமரச சன்மார்க்க நிலையம் பொதுநிலைக் கழகமாயிற்று. தம் பழைய நூல்களையும் மறுபதிப்புகளில் தூயதமிழாக்கினார். இருந்தும், பல்லாண்டு எழுதிவந்த நாட்குறிப்பை ஆங்கிலத்திலேயே எழுதினார். அதில் முரண் காண்பது எளிது. ஆனால் அவருடைய எதிர்ப்பு பிறமொழி கற்பதன் மீதன்று, தமிழில் பிறசொல் கலப்பதன் மீதுதான்.

வரலாற்று ஆய்வில் அவர் வலுவிழப்பதும் சமயப் பற்றால்தான். ‘மாணிக்கவாசகர் வரலாறும் காலமும்’ நூலில் மணிவாசகரை மூன்றாம் நூற்றாண்டினர் என்று நிறுவப் பெரிதும் உழைத்தார்; அறிஞர் பலர் ஒன்பதாம் நூற்றாண்டை ஒட்டியே கணிக்கின்றனர். ‘வேளாளர் நாகரிகம்’ தமிழ் நாகரிகத்தின் பெருமையை ஒரு சாதியாரைச் சுற்றியே கட்டியது. இன்று அதைத் தயக்கமின்றி ஏற்பவர் குறைவு. அதேவேளை வள்ளுவர் பிறப்பை கி.மு. 31 என்று கொண்ட அவருடைய கணிப்பு திருவள்ளுவர் ஆண்டாக அரசு ஏடுகளில் நிலைபெற்றுவிட்டது.

சுயமரியாதை இயக்கத்தோடு அவர் உறவு சிக்கலானது. பார்ப்பனர் மேலாண்மையை எதிர்ப்பதில் ஒன்றுபட்டார். கடவுள் மறுப்பில் கடுமையாக மோதினார். ஆனால் 1937இல் இந்தியைப் பள்ளிகளில் கட்டாயமாக்கும் அறிவிப்பு வந்தபோது இரு தரப்பும் ஒரே பக்கம் நின்றன. ‘இந்தி பொதுமொழியா?’ அக்காலத்தில் அவர் எழுதியது.

அவர் சேர்த்த நூல்களைக் கொண்டு சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் 1958இல் சென்னை லிங்கிச் செட்டித் தெருவில் மறைமலையடிகள் நூலகத்தை நிறுவியது. மகன் மறை. திருநாவுக்கரசு அவருடைய விரிவான வாழ்க்கை வரலாற்றை எழுதினார்.

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் ஜி.எஸ்.டி. சாலையோரம், செங்கல்பட்டுக்கு வடக்கே உருவாக்கிய துணைநகருக்கு மறைமலைநகர் என்று பெயரிடப்பட்டது. அடிகள் வாழ்ந்த ஊரன்று அது; அவர் காலத்தில் அப்படியொரு நகரமே இல்லை. அவர் வாழ்ந்த பல்லாவரமும் மறைமலைநகரைப் போலவே 2019இல் உருவான செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. மறைமலைநகரைப் பலரும் அறிவது 2022இல் உற்பத்தியை நிறுத்திய ஃபோர்டு கார் ஆலையை வைத்துத்தான்.